வீட்டுச் சேவையகமும் திறவுகோலின் உடைமையும்

பழைய கணினியொன்றில் லினக்ஸை நிறுவி வீட்டிலேயே சேவையகம் நடத்துவோர், அதனைப் பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து பெற்ற விடுதலையாகக் கருதுவதுண்டு. பொறியை உடைமையாக்குதல் ஒன்று. அதன் வாயிலைக் காத்தல் பிறிதொன்று. இணையத்தைத் துழாவித் திரியும் தானியங்கு நிரல்கள் கணினியின் உரிமையாளர் யாரென்று பார்ப்பதில்லை. 22 ஆம் இலக்க வாயில் திறந்திருக்கக் கண்டால், கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்க்கின்றன.

அவ்வாயிலின் வரலாறு நமது கவனத்துக்குரியது. தொலைவிலிருந்து கணினியினுள் நுழைய முன்னர் பயன்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பியது. ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்து, அங்கு பணியாற்றிய டாட்டு யுலோனென் 1995 இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி முறையை ஆக்கி இலவசமாக வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே கம்பனி தோன்றிற்று. பிந்திய பதிப்புகளின் உரிமமும் இறுகிற்று. 1999 இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர், கட்டற்றதாயிருந்த பழைய பதிப்பொன்றிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச்சை உருவாக்கினர். இன்று டெபியனை நிறுவுபவர் பெறுவது இதனையே. தனியுடைமையாகிய ஒன்று மீண்டும் பொதுவுடைமையானமைக்கு இது நல்ல சான்று எனலாம்.

நடைமுறையில் செய்யவேண்டியன சிலவே. ஆனால் ஒழுங்கு மாறலாகாது. திறவுகோல் இணையில் அந்தரங்கத் திறவுகோல் நமது மேசைக் கணினியிலே தங்கும். பகிரங்கத் திறவுகோல் மட்டும் சேவையகத்துக்குச் செல்லும். பழைய தொடர்பை மூடாது வைத்துக்கொண்டு, புதிய முனையமொன்றிலிருந்து திறவுகோலால் நுழைய முடிகின்றதா எனப் பார்க்கவேண்டும். அதன் பின்னரே கடவுச்சொல்வழி நுழைவையும், சர்வ அதிகாரம் படைத்த ரூட் பயனரின் நேரடி நுழைவையும் நிறுத்தவேண்டும். தீச்சுவரை இயக்குமுன் அதில் எஸ்.எஸ்.எச். வாயிலுக்கு இடங்கொடுக்க மறந்தால், உரிமையாளரே வெளியே நிற்க நேரிடும். வாயிலின் இலக்கத்தை மாற்றுதலைச் சிலர் பெருங்காவல் என்பர். அது பதிவேட்டின் இரைச்சலைக் குறைக்கும், அவ்வளவே. ரவுட்டரில் எஸ்.எஸ்.எச். வாயிலைத் திறவாது, வயர்கார்ட் சுரங்கவழியாக மட்டும் உட்செல்வது மேல்.

இவையனைத்தும் செய்த பின்னரும் எஞ்சுவது பிறர் உழைப்பின் மீதான சார்பு. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் சிறிய சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுள் எஸ்.எஸ்.எச். வாயிலை ஊடறுக்கும் கள்ளவழி கண்டுபிடிக்கப்பட்டது. அந்நிரலை ஊதியமின்றித் தனியே பராமரித்து வந்தவரின் களைப்பைப் பயன்படுத்தி, ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையைத் தேடிக்கொண்டிருந்தார். நுழைவு அரைச் செக்கன் தாமதிப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியியலாளரே அதனை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைப் பதிப்புகளை எட்டிய அக்கள்ளவழி, நிலையான பதிப்பை எட்டவில்லை.

இதைக் காரணங்காட்டிப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை நிறுத்துவது பேதைமை. அறியப்பட்ட ஓட்டைகள் அடைபடுவது அவற்றினாலேயே. நிலையான பதிப்பில் நின்று, அவை தானாக நிறுவப்படும் ஏற்பாட்டைச் செய்து, தரவின் பிரதியொன்றை வேறோரிடத்திலும் வைத்தல் வீட்டுப் பயனரால் இயல்வது. பராமரிப்போரின் களைப்புக்கு, அவர்களது உழைப்பை விலையின்றிப் பெற்று இலாபம் ஈட்டும் நிறுவனங்களே பதில் கூறவேண்டும்.