ஊர் ஒற்றுமையும் பதவி ஏலமும்

ஜனநாயகம் ஒரு சமுதாயத்துக்கு ஸ்திரத்தன்மையைத் தருகிறதா, அல்லது இருக்கிற அமைதியையும் குலைத்துவிடுகிறதா என்ற விவாதம் பெரும்பாலும் டில்லியையும் பாராளுமன்றத்தையும் சுற்றியே நடைபெறுகிறதென்றாலும், அதற்கு மெய்யான விடை கிடைக்கும் இடம், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 என்ற அளவில் இருக்கும் கிராம ஊராட்சிகளே என்பது என் திடமான அபிப்பிராயம். சட்டசபைத் தேர்தலில் தோற்றவரை வென்றவர் ஐந்து வருஷமும் நேரில் காணாமலே இருந்துவிடலாம். ஊராட்சித் தேர்தலில் தோற்றவரோ, மறுநாள் விடிந்ததும் அதே டீக்கடையிலும் அதே வாய்க்கால் கரையிலும் வென்றவரை எதிர்கொண்டாக வேண்டும். அப்படி எதிர்கொண்டும், அடுத்த தேர்தல் வரும் என்ற நம்பிக்கையில் அவர் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போகிறாரே, அந்தப் பொறுமைதான் ஸ்திரத்தன்மை. அதை வேறெந்த ஏற்பாடும் மனிதனுக்குக் கற்றுத் தந்ததாக நான் அறியேன்.

இந்தப் பயிற்சிதான் நம் கண்ணெதிரே கைநழுவிப் போகிறது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் 9 மாவட்டங்களிலும் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, தலைவர் பதவி ஏலத்துக்கு விடப்பட்டதாகப் பல ஊர்களிலிருந்து செய்திகள் வந்தன. கோயில் முன்மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடும். திருப்பணிக்கோ கும்பாபிஷேகத்துக்கோ பணம் வேண்டியிருக்கும். லட்சத்தில் தொடங்கும் கேள்வி படிப்படியாக ஏறி, மூன்று தரம் சொல்லி முடிந்ததும், வேறு எவரும் மனுத்தாக்கல் செய்வதில்லை என்று சாமி முன்னால் பேசி முடிப்பார்கள். மீறி மனுப் போட்டவரை, வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்குள் உறவினர்களை விட்டே வழிக்குக் கொண்டுவருவார்கள். பிறகு, ‘போட்டியின்றித் தேர்வு’ என்ற அறிவிப்பு, சட்டத்தின் கண்ணுக்குக் குற்றமற்றதாகவே வெளிவரும்.

வாக்குப்பதிவு நாளன்று அந்த ஊரின் பூத்தில் நின்று பார்த்தால் இதன் விபரீதம் விளங்கும். கிராமத்து வாக்காளருக்கு நான்கு வாக்குகள் உண்டு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சைச் சீட்டும், மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் சீட்டும் கைக்கு வரும். முகம் தெரியாத அவர்களுக்கெல்லாம் முத்திரை குத்தலாம். தன் தெருக்குழாயில் தண்ணீர் வருமா, தெருவிளக்கு எரியுமா என்பதைத் தீர்மானிக்கும் ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டு மட்டும் வராது. அது மண்டபத்திலேயே விலைபோய்விட்டது.

தேர்தல் என்று வந்தால் பங்காளிகள் பகையாளிகளாகிறார்கள், ஆகவே ஒருமனதாகத் தீர்த்துக்கொள்வதே மேல் என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மனத்தில் யார் யார் மனம் அடக்கம்? தலைக்கட்டு வரி கொடுக்கும் குடும்பத்து ஆண்கள் மண்டபத்தில் உட்காருகிறார்கள். பெண்களுக்கு அங்கே பல ஊர்களில் இடமில்லை. சட்டமோ 2016-லேயே உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதியை அவர்களுக்கென ஒதுக்கிவிட்டது. கோயில் வரியில் சேர்க்கப்படாத காலனி மக்களும், பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்ட பிள்ளைகளும் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. பூத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாக்கு உண்டென்பதனால்தான், காரியம் பூத்துக்குப் போகுமுன்பே முடிக்கப்படுகிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் இதற்குச் சாட்சி. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் மனுத்தாக்கல் இல்லாமலோ, வென்றவர் உடனே ராஜினாமா செய்தோ, தலைவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அதுவும் அமைதியாகவே தோன்றியிருக்கும். 2006-இல் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். ஊர் சிதறிப் போய்விடவில்லை. 1997-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவரும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதை நான் மறந்துவிட்டுப் பேசவில்லை. அந்த ரத்தத்துக்குக் காரணம் வாக்குப் பெட்டியல்ல. பெட்டி சொன்ன முடிவைத் தாங்கமாட்டாத மனங்களே காரணம்.

ஏலத்தில் எடுத்தவர் ஊருக்குக் கடன்பட்டவரல்லர் என்பது இன்னொரு கேடு. ஊராட்சிக் காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு வந்துவிடுகிறது. போட்ட முதலைச் சாலையிலும் குளத்திலும் எடுக்கப் பார்ப்பார். ஜனவரி 26-இலோ அக்டோபர் 2-இலோ கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்டால், “நீ போட்ட ஓட்டுலயா வந்தேன்? காசு கட்டி வந்தேன்” என்று அவர் சொல்வதற்கு மறுமொழி ஏது?

ஏலத்துக்கு எதிரான எச்சரிக்கைகள் தேர்தல்தோறும் வருகின்றன. மண்டபங்களும் தேர்தல்தோறும் நிரம்புகின்றன. ஆகவே, தலைவர் பதவிக்கு ஒரே ஒரு மனு மட்டும் மிஞ்சினாலும், வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு கட்டங்களை அச்சிட்ட இளஞ்சிவப்புச் சீட்டை ஒவ்வொரு வாக்காளர் கையிலும் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தலாம். அதிகச் செலவு என்று ஆட்சேபிப்பதற்கும் இடமில்லை. மற்றச் சீட்டுகளுக்காக அந்தப் பூத்தும், அதிகாரிகளும், காவலரும் அன்று அங்கே இருக்கத்தான் போகிறார்கள்.