நட்பான சாட்சி போதாது

அலுமினியம் மிருதுவான லோகமாயிற்றே, அதை வெட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பாருண்டு. கனத்த பாளமாயின் கஷ்டமில்லை. ஆகாய விமான உறுப்புக்கென அதன் கலப்பு லோகத்தை மெல்லிய சுவராகச் செதுக்குங்கால் வெளிப்படும் குணம் வேறு. எஃகைவிட மூன்று மடங்கு எளிதில் வளையும் அச்சுவர், வெட்டுங் கருவிக்கு விலகிக் கொடுத்து, அது கடந்ததும் மீண்டு, குறித்த அளவுக்கு மேல் தடித்து நிற்கும். உஷ்ணத்திலோ எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும்.

யந்திரத்தைச் சோதிக்கும் பரீக்ஷைத் துண்டிலும் இச்சங்கடங்கள் இருத்தல் வேண்டுமன்றோ? 1969-ம் வருஷத்து அமெரிக்க விதியோ, ஐந்து அச்சு யந்திரங்களுக்குச் சாய்த்து வைத்த கூம்பொன்றையே வகுத்தது. கூம்பின் சரிவு எங்கும் ஒன்றே. அதில் தேறிய யந்திரங்கள் விமான உறுப்பில் தவறியதுண்டு. நட்பான சாட்சியை மட்டும் விசாரித்து மகிழும் வக்கீல்களை நாம் கண்டிருக்கிறோம்!

சீனாவின் செங்டு விமானத் தொழிற்சாலையார் ‘எஸ்’ எழுத்தைப்போல் நெளியும் மெல்லிய சுவரொன்றை வகுத்தனர். அதில் கருவியின் சாய்வு வழிநெடுக மாறிக்கொண்டே செல்லும். சர்வதேசத் தர ஸ்தாபனத்தின் 2020-ம் வருஷத்து விதியில் அதற்கும் இடமுண்டு. எனினும் பிழை கண்டவிடத்து, வளைந்தது சுவரா, பிசகியது யந்திரமா என்பது துண்டைப் பார்த்த மாத்திரத்தில் விளங்குவதில்லை. அதே உருவைத் தடித்த சுவராகவும் வெட்டி, இரண்டையும் ஒப்பிட்டபின் தீர்ப்பளிப்பதே முறையென்பது நமது அபிப்பிராயம்.