கொடி வந்த கதையும் கை பட்ட பாடும்

சென்ற மாதம் ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தேன். லயத்தின் பின்புறம், மாட்டுக் கொட்டகை ஓரமாக, ஒரு பெரியம்மா குனிந்து கொடியை இழுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்னாலதான் தம்பி, மவன் கத்தியால வெட்டிச் சாய்ச்சான். இப்பப் பாரு, ஒண்ணுக்குப் பத்தா கெளம்பிருச்சு!" என்று அலுத்துக்கொண்டார்.

அந்தக் கொடியைக் காணாத தோட்டத்துக்காரர் இருக்க முடியாது. வெற்றிலையை நினைவூட்டும் இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. மலாய்க்காரர்கள் செலாபுட் துங்குல் என்பார்கள். விஞ்ஞானிகள் வைத்த பெயர் மிக்கானியா. பெரியம்மாவின் மகன் செய்த தவறு ஒன்றுதான். இந்தக் கொடிக்குக் கணுவுக்குக் கணு வேர் விடும் குணம் உண்டு. பத்துத் துண்டாக வெட்டிப் போட்டால் ஈர மண்ணில் பத்தும் பிழைத்துக்கொள்ளும். போதாததற்கு அதன் விதை பஞ்சு போல் லேசானது. காற்று எங்கே கொண்டு போகிறதோ அங்கே முளைக்கும்.

இது நம் நாட்டுக் கொடி அன்று. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். 1949-இல் பராகுவே நாட்டிலிருந்து இந்தோனேசியாவின் போகோர் தாவரத் தோட்டத்திற்கு இதைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே வெறும் மண் மழையில் கரையாமல் மூடிக் கிடக்கட்டும் என்று இதையே நட்டார்கள். மூடத்தான் செய்தது! மண்ணை மட்டுமல்ல, கன்றையும் சேர்த்து மூடியது.

அந்நியச் செடி என்பதாலேயே அதைக் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நம் பிழைப்பே அந்நியச் செடியில்தானே இருக்கிறது? பால்மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1877-இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்து இறங்கியது. செம்பனை ஆப்பிரிக்கா தந்தது. அவ்வளவு ஏன், நம் பாட்டன் பூட்டனும் கப்பலேறி வந்தவர்கள்தாமே! வந்தது தவறில்லை. தன் ஊரில் அதை அடக்கி வைத்திருந்த பூச்சியும் நோயும் கூட வராமல், செடி மட்டும் தனியாக வந்ததுதான் வினை.

மிக்கானியா, கன்றுக்கு வேண்டிய உரத்தையும் ஈரத்தையும் தின்றுவிடுகிறது. அதோடு, அதன் வேரும் அழுகிய இலையும் மண்ணில் விடும் சத்துகள் இளம் ரப்பர் மரத்தின் வளர்ச்சியையே மட்டுப்படுத்துவதை 1960-களிலேயே இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மரம் பருக்கவில்லையென்றால் பால் வெட்டுக்கு வரத் தாமதமாகும்.

ஆகவே களையைக் கொல்ல மருந்து வந்தது. இந்த இடத்தில்தான் நம் வீட்டுப் பெண்கள் வருகிறார்கள்.

என் தாயாரும் மருந்தடித்தவர்தான். விடியற்காலை பெரட்டு முடிந்ததும் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நிரை நிரையாகப் போவார். ஒழுகும் தோம்பு; முதுகெல்லாம் நனையும். கையுறை கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் கையாலேயே வெற்றிலை மடித்துப் போடுவார். இரவில் நகக்கண் வலிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கங்காணியிடம் சொன்னால், "மருந்து பட்டா எரியத்தான் செய்யும்" என்று பதில் வரும்.

அந்நாளில் அதிகம் அடித்த மருந்து பாராகுவாட். 1960-களின் தொடக்கத்திலேயே நம் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. விழுங்கினால் ஒரு மடக்கே போதும், நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொன்றுவிடும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தோல் புண்ணாவதும், நகம் கறுத்து விழுவதும், மூக்கில் ரத்தம் வடிவதும் மருந்தடிப்போர் நெடுநாள் சொல்லிவந்த குறைகள். தெனாகானித்தா அமைப்பு தோட்டம் தோட்டமாகச் சென்று விசாரித்து 2002-இல் இவற்றை நூலாகவே வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. கொடியைக் கொண்டுவந்து நட்டவர்கள் யாரோ, அதைக் கொல்லப் போய் நகம் இழந்தவர்கள் யாரோ!

பாராகுவாட் போனாலும் மருந்தடிக்கும் வேலை போய்விடவில்லை; வேறு மருந்துகள் இருக்கின்றன. இன்று அந்தத் தோம்பு பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் முதுகில் இருக்கிறது, நம்மவர் முதுகிலும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலைக்குத் தேவையான பாதுகாப்புப் பொருள்களுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெளியூரிலிருந்து வந்து நன்மை செய்ததும் உண்டு. முன்பெல்லாம் செம்பனைப் பூவுக்குப் பூந்தூள் அடிக்கவென்றே ஆள் வைத்திருந்தது பழையவர்களுக்கு நினைவிருக்கும். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். டாக்டர் ரஹ்மான் சையது என்னும் பூச்சி நிபுணர், அது செம்பனைப் பூவைத் தவிர வேறு பயிரைக் கெடுக்குமா என்று முதலில் சோதித்துப் பார்த்த பிறகே அதை வெளியில் விட்டது. காய்ப்புக் கூடியது, பூந்தூள் அடிக்கும் வேலையும் ஒழிந்தது. (அந்த வேலையை நம்பியிருந்தவர்கள் வண்டை வாழ்த்தியிருப்பார்களா என்பது வேறு கதை!) மிக்கானியாவுக்கு அந்தச் சோதனை நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சரி, வீட்டைச் சுற்றி நாம் என்ன செய்யலாம்? மிக்கானியாவை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதை மண்ணில் போடாமல் தகரத்தின்மேலோ சிமெண்டுத் தரையிலோ காயப் போடுங்கள். பூக்குமுன் செய்தால் விதை பரவாது. வெறும் மண்ணாக விட்டால் திரும்ப வரும். பயறு இனக் கொடி எதையாவது விட்டால் நிலத்துக்கு உரமும் கிடைக்கும். இஸ்ரேல் புல் என்று பெயர் பெற்ற செடி ஒன்று உண்டே, காய் வெடித்து விதையைத் தூர எறியுமே, அது ஆடு மாடுகளுக்கு நல்ல தீவனம். அதற்கு மருந்தடிப்பது வீண் செலவு.

ஆனால் மாட்டுக்குப் போடக் கூடாத செடி ஒன்று வந்திருக்கிறது. 2013-இல் உலு சிலாங்கூர், பத்தாங் காலி பக்கம் கண்டுபிடித்தார்கள். பெயர் பார்த்தீனியம், விவசாய இலாகா ரும்பாய் மியாங் மெக்சிகோ என்கிறது. கேரட் இலை போலப் பிளவுபட்ட இலை, நட்சத்திரம் தூவியது போல் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. தமிழ்நாட்டு உறவினரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நெடுங்காலமாக அங்கே படாத பாடு படுத்துகிறது. தொட்டவருக்கு அரிப்பு, பூந்தூளை மூச்சில் இழுத்தவருக்கு இளைப்பு, தின்ற மாட்டின் பால் கசக்கும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை விடும்.

பெரியம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் இடைமறித்தார். "நம்ம கொட்டா பின்னால அந்த மாதிரி ஒண்ணு நிக்குது தம்பி, வா காட்டறேன்."

போய்ப் பார்த்தோம். நல்ல வேளை, அது வேறு செடி. இருந்தாலும், அந்த மாதிரி செடியைக் கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம், வட்டார விவசாய இலாகாவுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றேன். "யாரு சொல்லுவா? எனக்குப் போன் பண்ணத் தெரியாதே" என்றவர், உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார். "டேய், வெளிய வா. வெட்டுறதுக்கு மட்டுந்தான் தெரியுமா ஒனக்கு?"