ஐஸைத் தின்னும் கூரை

ஆகஸ்ட் மாதம், டேராடூனில் மழைக்காலம். ஆனால் ராய்ப்பூர் பகுதியில் உள்ள ஹிமாத்ரி அரங்கத்துக்குள் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஐஸ். 2025ல் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் போட்டி இங்குதான் நடந்தது. அதற்கு முன் பத்தாண்டுகளுக்கும் மேலாக அரங்கம் பூட்டிக் கிடந்தது. 2011 ஜனவரியில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. விழா முடிந்து விருந்தாளிகள் போனபின் மிஞ்சியது பராமரிப்புச் செலவும் மின் கட்டணமும்தான். அந்த ஆண்டுகளில் இந்திய ஸ்கேட்டர்களுக்குக் கதி சிம்லாவின் திறந்தவெளித் தளம், லடாக்கின் உறைந்த குளங்கள், குருகிராம் மால் ஒன்றின் சிறிய தளம். வசதி உள்ளவர்கள் வெளிநாடு போனார்கள்.

திறந்தாகிவிட்டது. இனி மூடாமல் இருக்க வேண்டும்.

இத்தகைய அரங்கம் ஒரு ராட்சத ஃபிரிட்ஜ். கான்கிரீட் தளத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள். அவற்றில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரியில் உப்புக் கரைசல் ஓடுகிறது. அது சுமந்து வரும் வெப்பத்தை கம்ப்ரஸர் வெளியே தள்ளுகிறது. சிக்கனம் என்றதும் புது கம்ப்ரஸர் வாங்கும் பேச்சுதான் முதலில் எழும். ஐஸுக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே மலிவான வழி.

முதல் எதிரி தலைக்கு மேலே இருக்கிறது. வெயிலில் சூடேறிய கூரை நாள் முழுதும் ஐஸின் மீது வெப்பத்தைக் கதிர்வீச்சாகப் பொழிகிறது. குளிர்விக்கும் சுமையில் கால் பங்குக்கும் மேல் இதனால் என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. சாதாரணக் கூரைப் பரப்பு தன்னால் இயன்ற வெப்பத்தில் சுமார் 90 சதவிகிதத்தைக் கதிராக வீசும். பளபளப்பான அலுமினியத் தாளை உட்புறம் கட்டினால் அது 5 சதவிகித அளவுக்கு இறங்கிவிடும். கனடாவின் பல அரங்கங்களில் இந்தத் தாள் உண்டு. நம் வெயிலுக்கு இது இன்னும் அவசியம்.

இரண்டாவது, ஈரக் காற்று. மழைக்காலத்தில் ஒரு கதவு திறந்து கிடந்தாலே போதும். ஒரு கிலோ நீராவி ஐஸ் மீது படிந்து உறையும்போது விடும் வெப்பம், எட்டு கிலோ ஐஸை உருக்கக் கூடியது! ஈரத்தை உறிஞ்சும் இயந்திரமும் இரட்டைக் கதவும் இங்கே ஆடம்பரமல்ல.

மூன்றாவது வேடிக்கையானது. தேய்ந்த ஐஸைச் சமன் செய்யும் வண்டி தெளிப்பது பெரும்பாலும் வெந்நீர். அதுவே கீறல்களை நன்றாக நிரப்பும், கரைந்த காற்றும் அதில் குறைவு. 60 டிகிரி நீருக்குப் பதில் காற்று நீக்கிய 20 டிகிரி நீரைத் தெளித்தால், அதை உறையவைக்க நீக்க வேண்டிய வெப்பம் கால் பங்குக்கு மேல் குறைகிறது. வெந்நீர்தான் வேண்டுமென்றால் கம்ப்ரஸர் வெளியே கொட்டும் வெப்பத்திலேயே நீரைச் சூடாக்கலாம். அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே மின்சார ஹீட்டர் வைப்பதைப் போன்ற அபத்தம் இல்லை.

காசே செலவாகாத வழிகளும் உண்டு. மூன்று சென்டிமீட்டர் போதும் என்னும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஐஸ் வளர்ந்தால், உப்புக் கரைசலை மேலும் குளிர வைத்தாக வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் கம்ப்ரஸரின் மின்செலவு ஏறத்தாழ 3 சதவிகிதம் ஏறும். ஆளில்லாத இரவில் ஐஸைப் போட்டி நாளின் குளிரில் வைத்திருக்கவும் தேவையில்லை. பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிறது.

எந்த வாயு என்பதுதான் சிக்கலான கேள்வி. அம்மோனியா திறமையானது, ஆனால் நச்சு. 2017ல் கனடாவின் ஃபெர்னி நகர அரங்கில் கசிந்து மூவர் இறந்தனர். பெய்ஜிங் 2022 ஒலிம்பிக்கில் வேக ஸ்கேட்டிங் அரங்கம் கார்பன் டை ஆக்ஸைடில் இயங்கியது. வெப்பநிலை 31 டிகிரியைத் தாண்டினால் அந்த வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது, திறன் சரிகிறது. பெய்ஜிங்கில் போட்டி பிப்ரவரியில் நடந்தது. டேராடூனில் மே மாதமும் உண்டு.