ஜவ்வரிசி அல்ல!

2025-ஆம் ஆண்டு, மே மாதக் கடைசியில் குமரி மாவட்டக் கடற்கரைக்கு நீங்கள் போயிருந்தால், யாரோ மணலில் ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்திருப்பீர்கள். அள்ளி வந்து வடாம் பிழிந்துவிடாதீர்கள், சகோதரிகளே! அத்தனையும் பிளாஸ்டிக் மணிகள். நம் வீட்டு வாளியும் குடமும் இப்படிப்பட்ட மணிகளை உருக்கித்தான் செய்யப்படுகின்றன.

விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல், மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிவிட்டது. மாலுமிகள் 24 பேரும் பிழைத்தார்கள். ஏற்றி வந்த 640 கண்டெய்னர்களில் சில உடைந்து, உள்ளே இருந்த மணிகள் அலையோடு அலையாக இங்கே வந்து சேர்ந்தன.

கண்டெய்னர் என்பது வேறொன்றுமில்லை, பிரம்மாண்டமான இரும்புப் பெட்டிதான். 1956-ல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலேற்றினார். அதுவரை மூட்டை மூட்டையாக அல்லவா தூக்கிப் போட்டார்கள்! இன்றோ, இருபதடிப் பெட்டிகள் 24,000-க்கு மேல் சுமக்கும் 'எம்.எஸ்.சி. ஐரினா' என்ற ராட்சதக் கப்பல், 2025 ஜூனில் நம் பக்கத்து விழிஞ்ஞத்துக்கே வந்து போயிற்று.

நம் இனயத்திலும் பெட்டித் துறைமுகம் அமைக்க 2016-ல் மத்திய மந்திரி சபை கொள்கையளவில் இசைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். பிறகு கோவளம்–மணக்குடி என்றார்கள். அங்கும் அதே கதை. முன்னேற்றம் வேண்டாமென்கிறார்களே என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் சுளித்தேன்.

துறைமுகம் எழவில்லை, மணிகள் வந்துவிட்டன. மணலில் உட்கார்ந்து அவற்றைக் கையால் பொறுக்கினார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான்; ஆனால் அடுத்த அலை இன்னொரு படி கொட்டிவிட்டுப் போகும்.