ஆகாயத்தில் ஒரு விலைப் போட்டி

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் விமான நிலையங்களில் ஜனங்கள் பெட்டியும் பிள்ளைகளுமாகக் காத்துக் கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். விமானிகளின் ஓய்வு நேரம் குறித்த புதிய விதிகள் நவம்பர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்திருந்தன. அதற்கு வேண்டிய விமானிகளை இண்டிகோ கம்பெனி தயார் செய்து வைக்கவில்லை. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்ற கம்பெனிகளின் டிக்கெட் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பர் 6ந் தேதி மத்திய அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது. ஓய்வு விதிகளையும் அந்தக் கம்பெனிக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

ஒரு கம்பெனி தடுமாறினால் நாடே ஏன் தவிக்க வேண்டும்? உள்நாட்டில் பறப்பவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் அந்த ஒரு கம்பெனியைத்தான் நம்பியிருந்தார்கள். பத்துக் கடை இருந்த தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியபின், மிஞ்சிய பெரிய கடைக்காரருக்குக் காய்ச்சல் வந்த மாதிரிதான். மற்றக் கடைகள் எப்படி மூடின என்பதுதான் நமக்குப் பாடமான கணக்கு.

1953ல் தனியார் விமானக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதன்பின் நாற்பது வருடம் உள்நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் வைத்ததே விலை. 1990களின் தொடக்கத்தில் கதவு திறந்தது. பழைய சட்டமும் 1994ல் ரத்தானது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், நம் சென்னையின் என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தார்கள். 1997 முடிவதற்குள் இவ்வளவு பேரும் காணாமல் போனார்கள். ஜெட்டும் சகாராவும்தான் தாக்குப் பிடித்தன.

இரண்டாவது சுற்று 2003ல் ஏர் டெக்கானோடு ஆரம்பித்தது. கேப்டன் கோபிநாத் ரயில் பயணியை விமானத்தில் ஏற்றுவேன் என்று கிளம்பி, சில சீட்டுகளை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றார். 2005ல் மட்டும் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், கோஏர், சென்னையைச் சேர்ந்த பாரமவுண்ட் ஆகிய நான்கும் வந்தன. அடுத்த வருடம் இண்டிகோ.

ஒரு ரூபாய்க்கு எப்படி விற்க முடிகிறது? நம் கடையில் துவரம் பருப்பு மீந்தால் நாளைக்கு விற்கலாம், அடுத்த மாதமும் விற்கலாம். விமானத்தின் காலி சீட்டு கொத்தமல்லிக் கட்டைவிட மோசம். விமானம் தரையை விட்டுக் கிளம்பிய நிமிஷமே அதன் மதிப்பு பூஜ்யம். எரிபொருளும் விமான வாடகையும் விமானிகளின் சம்பளமும் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே சும்மா போகிற சீட்டை எந்த விலைக்கு விற்றாலும் வந்தவரை லாபம் என்று தோன்றும். அப்படி எல்லாக் கம்பெனியும் நினைத்துவிட்டால் எல்லாச் சீட்டும் அடக்க விலைக்குக் கீழே போய்விடும். செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போகிறது. விமான வாடகையோ டாலரில். இந்த இரண்டின் விலையும் கம்பெனிக்காரர் கையில் இல்லை.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பயணி பணத்தை முன்னாடியே கட்டிவிடுகிறார். தீபாவளிக்கு ஊர் போகிறவர் ஆடியிலேயே டிக்கெட் எடுக்கிறார். அதனால் நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கும் கல்லாவில் தினமும் பணம் புரளும். தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்து இன்றைய லாரி வாடகை கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. விலையைக் குறைத்தால் முன்பணம் அதிகம் சேரும். சேரும்வரை ஓட்டை தெரியாது. மார்க்கெட்டில் நமக்கு இத்தனை சதவீதம் என்று மார்தட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

கிங்ஃபிஷர் அப்படித்தான் தட்டிக்கொண்டது. 2007ல் ஏர் டெக்கானை வாங்கி, ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பயணியைத் தன் விமானத்தில் ஏற்றியது. ஆனால் ஒரு வருடம்கூட லாபம் காட்டவில்லை. பாக்கி ஏறியதும் எண்ணெய்க் கம்பெனிகள் ரொக்கம் வைத்தால்தான் எரிபொருள் என்று சொல்லிவிட்டன. 2012 அக்டோபரில் கடை மூடியபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. அதே 2007ல் ஜெட் கம்பெனி சகாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. போட்டியாளரை வாங்கினால் போட்டி ஒழியும் என்று நினைத்தார்கள் போலும். அந்தச் சுமையோடு இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் விலைக்கு இறங்கி விற்று, 2019 ஏப்ரல் 17ந் தேதி அதுவும் நின்றது. அந்தக் கோடையில் டிக்கெட் விலை ஏறியதைப் பயணம் போனவர்கள் அறிவார்கள். கோஏர் 2023 மே மாதம் நின்றது. எஞ்சின் தந்த கம்பெனிமேல் அவர்கள் பழி சொன்னார்கள்.

இண்டிகோ மட்டும் எப்படி நின்றது என்று கேட்பீர்கள். பல வருடம் ஒரே ரக விமானம். அதனால் உதிரி பாகமும் ஒன்று, பயிற்சியும் ஒன்று. 2005ல் ஒரே ஆர்டரில் 100 விமானம். மொத்தக் கொள்முதலில் விலை இறங்கும் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்கியதை வாடகைக் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்துப் பறந்தார்கள். முதலும் முடங்கவில்லை. மெச்ச வேண்டிய வியாபாரம்தான். ஆனால் மற்றவர்கள் விழ விழ இவர்கள் பங்கு வளர்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தச் சண்டையில் நடுவிலிருந்த வியாபாரி என்ன ஆனார்? டிக்கெட் விற்றுக் கொடுத்த டிராவல் ஏஜெண்டுகளின் கமிஷனைப் படிப்படியாகக் குறைத்து, 2008 நவம்பரில் ஏர் இந்தியா, ஜெட், கிங்ஃபிஷர் மூன்றும் அடியோடு நிறுத்தின. சரக்கு அனுப்புவோர் கதையும் உண்டு. எரிபொருள் கூடுதல் கட்டணத்தை மூன்று கம்பெனிகள் கூடிப் பேசி நிர்ணயித்தன என்று போட்டி ஆணையம் 2015ல் ஜெட், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் மூன்றுக்கும் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2018ல் குறைந்த தொகையாக மறுபடி விதிக்கப்பட்டது. பயணி டிக்கெட்டில் வெட்டிக்கொண்டவர்கள் மேல்தான் சரக்குக் கட்டணத்தில் இந்தப் புகார் வந்தது.

கடன் கொடுத்தவர்கள் நிலைமையை நம் உறுப்பினர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஜெட் கம்பெனியை மீட்கும் முயற்சி ஐந்து வருடத்துக்கு மேல் இழுத்து, 2024 நவம்பர் 7ந் தேதி அதைக் கலைத்து விற்கும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2016ம் வருட திவால் சட்டப்படி, கலைக்கிற கம்பெனியின் பணத்தில் முதலில் நடவடிக்கைச் செலவு, பிறகு தொழிலாளர் பாக்கியும் ஈடு பெற்ற வங்கிகளும், பிறகு மற்ற ஊழியர்கள், ஈடில்லாமல் கடன் தந்தவர்கள், அரசுக்குச் சேர வேண்டியது என்று வரிசை போகிறது. சரக்கைக் கடனுக்குக் கொடுத்து ஈடு எதுவும் வாங்காதவர் அதற்கும் கீழே.

எங்கள் மண்டியில் 21 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அடுத்த மூட்டை இறங்காது. ஆனால் அடக்க விலைக்குக் கீழே விற்கும் பெரிய கடைகள் 60 நாள், 90 நாள் கடன் கேட்கின்றன. சிறுதொழில் சட்டத்தின் 45 நாள் கெடு நம்மைக் காக்கும் என்று சில உறுப்பினர்கள் நினைக்கிறார்கள். 2021ல் மொத்த, சில்லரை வியாபாரிகளை உத்யம் பதிவில் சேர்த்தபோது, வங்கிக் கடனில் முன்னுரிமை என்ற ஒரு சலுகைக்கு மட்டும்தான் சேர்த்தார்கள்; தாமதப் பாக்கிக்கான அந்தப் பாதுகாப்பு அதில் அடங்காது.