விளக்கைத் தேடி வரும் மாமர எதிரி

மழை தொடங்கும் நாட்களில் மாந்தோப்பு வீட்டு விளக்கைப் பலவகை வண்டுகள் சுற்றும். அவற்றுள் பெரும்பாலானவை மாவுக்குத் தீங்கு செய்யாதவை. ஆனால் ஒன்று, பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த மரத்தையே பட்டுப்போகச் செய்யும். அதுதான் மா தண்டுத் துளைப்பானின் தாய் வண்டு.

அடையாளம்

இது நீள்கொம்பு வண்டு இனத்தைச் சேர்ந்தது. சுமார் 5 செ.மீ. நீளமும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் உடையது. உணர்கொம்புகள் கணுக்கணுவாகப் பின்னோக்கி வளைந்திருக்கும். ஆண் வண்டுக்கு இவை உடலைவிட நீளமானவை. பெண்ணுக்குச் சற்றுக் குட்டை. தலையை அடுத்த மார்பின் மேல் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். மார்பின் இருபக்கமும் கூரிய முள் உண்டு. பிடித்தால் 'கிரீச்' என ஒலி எழுப்பும், கடிக்கும். எனவே இடுக்கியால் பிடிப்பது நல்லது.

காண்டாமிருக வண்டும் விளக்குக்கு வரும். அது தென்னையின் எதிரி, தடித்துக் கறுத்திருக்கும், தலையில் ஒற்றைக் கொம்பு இருக்கும், உணர்கொம்புகள் மிகக் குட்டை.

நீள்கொம்பு வண்டுகள் எல்லாமே விளக்கை நாடுவதில்லை. காப்பிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் நல்ல வெயிலில் நடமாடும்.

சேதம்

தாய் வண்டு பட்டை இடுக்குகளில் முட்டையிடும். வெளிவரும் புழு வெண்மஞ்சள் நிறமானது, கால்கள் இல்லை, தலை கரும்பழுப்பு. இது தண்டைக் குடைந்து உள்ளேயே பல மாதங்கள் வாழும். துவாரத்தின் வழியே மரத்தூளும் கழிவும் வெளிவரும். கிளைகள் வாடுவது தெரியும்போது சேதம் முற்றியிருக்கும்.

செய்ய வேண்டியவை

விளக்குக்கு வந்த வண்டு அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு மரத்தைக் குடைந்து வெளிவந்ததே. ஆகவே அதைக் கொல்வதோடு நிற்காமல், மறுநாளே ஒவ்வொரு மரத்தின் அடித்தண்டையும் கிளைகளையும் பார்க்கவும். புதிய மரத்தூள் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். கொக்கியாக வளைத்த கம்பியால் புழுவை வெளியே இழுத்துக் கொன்று, துவாரத்தைக் களிமண்ணால் அடைக்கவும். பட்டுப்போன கிளைகளை வெட்டி எரிக்கவும். விறகாக அடுக்கி வைத்தால் அதிலிருந்தும் வண்டு வெளிவரும்.

முட்டையிடுவதைத் தடுக்க, அடித்தண்டில் தளர்ந்த பட்டைகளைச் சுரண்டிவிட்டு, ஒரு பங்கு தாருடன் இரு பங்கு மண்ணெண்ணெய் கலந்து 3 அடி உயரம் வரை பூசலாம்.